வடக்குத் தெரு ராஜரத்தினம் உயிரோடு இருக்கிறார்

ராஜபாளையத்தில் யார் செத்தாலும் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நான் டாக்டரும் இல்லை, ஜோசியக்காரனும் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவன், பேர் மைதீன் பிச்சை. என் ஆட்டோவின் கூரையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். ஆடித் தள்ளுபடி, ஹோட்டல் திறப்பு விழா, கோயில் பொங்கல், தர்கா சந்தனக்கூடு, கண் சிகிச்சை முகாம், எதுவானாலும் பென் டிரைவைச் சொருகிவிட்டுத் தெருத் தெருவாக மெதுவாகப் போவேன். நடுவில் ஒரு சாவு விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் நிற்கும். சாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஸ்பீக்கரில் பேசுகிற குரல் ஹெப்சிபாவுடையது. கடைத் திறப்பு என்றால் கல்யாண வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சாவு என்றால் தணிந்து, அழாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். "அந்தப் புள்ள சொன்னாத்தான் செத்ததுக்கே ஒரு மரியாதையா இருக்கு" என்று பஜாரில் பேசிக்கொள்வார்கள்.

அவளுக்குக் கண் தெரியாது. இதைச் சொன்ன உடனே கேட்கிறவர்கள் 'ச்சு ச்சு' என்று உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. பல்லிகூட ஏதோ காரணத்தோடுதான் சத்தம் கொடுக்கும் என்பார்கள். இவர்கள் உச்சுக் கொட்டுவதற்கு ஒரு காரணமும் கிடையாது, சும்மா வாய்ப் பழக்கம்.

அவளுக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். அப்பா ஜெபக்குமார் தறியில் வேலை பார்த்தவர். அம்மா செல்லத்தாய் வீட்டில் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். பிள்ளை எட்டெடுத்து வைப்பதற்குள் ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தாள், டிகிரியும் வாங்கினாள், அங்கேயே கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பி வந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருத்தர் ஊதுபத்தி உருட்டச் சொன்னார், இன்னொருத்தர் சர்ச்சில் ஜெபக் குழுவில் சேரச் சொன்னார். கம்ப்யூட்டர் தெரியும் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

சர்ச்சில் அசன விருந்து நடந்த அன்றைக்கு, பந்திக்கு ஆட்களைக் கூப்பிட்டு மைக்கில் பேசியது அவள்தான். ஸ்பீக்கர் கட்ட வந்திருந்தவர் விக்னேஸ்வரன். ராஜபாளையத்தில் விளம்பர ஒலிப்பதிவுக் கடை வைத்திருக்கிறவர், எனக்குச் சவாரி தருகிறவர். அந்தக் குரலைக் கேட்டவர் சாப்பிடாமல்கூட நேராக ஜெபக்குமாரிடம் போய், "அண்ணாச்சி, ஒங்க மகள எங்க கடைக்கு அனுப்புங்க" என்றார். அப்படித்தான் அவள் வந்தாள்.

வந்த புதிதில் பேசுவது மட்டும்தான் அவள் வேலை. கம்ப்யூட்டர் விக்னேஸ்வரன் கையில் இருந்தது. அவர் நல்ல மனுசன். ஆனால் அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்தால் சந்தை கலைந்த பொட்டல் மாதிரி இருக்கும். ஸ்கிரீன் பூராவும் ஃபைல். அதற்கு அவர் வைக்கிற பேரைக் கேட்டால் சிரிப்பு வரும்: 'புது பார்ட்டி', 'கறார் பார்ட்டி', 'மீசைக்காரர் கடை', 'நாளைக்கு'. எந்த நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. போன வருசத்துத் தள்ளுபடியை இந்த வருசம் ஊர் பூராவும் சொல்லிவிட்டு வந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்லி, ஹெப்சிபா அதைப் போட வைத்தாள். அதற்குப் பிறகு மவுஸைத் தொடவே இல்லை. ஸ்கிரீனை அணைத்துவிட்டு கீபோர்டிலேயே எல்லாம் செய்வாள். எந்த ஃபைல் மேல் நிற்கிறாளோ அதன் பேரைக் கம்ப்யூட்டர் சொல்லும். அதுவும் சாதாரண வேகத்தில் இல்லை, சட்டியில் கடலை பொரிகிற வேகம். எனக்கு ஒரு சொல் விளங்காது. "மெதுவா வச்சா தூக்கம் வருது மாமா" என்பாள்.

ஒரு மழை நாளில், சவாரி இல்லாமல் கடையில் உட்கார்ந்திருந்தபோது, இது எப்படித்தான் உனக்குப் பிடிபடுகிறது என்று கேட்டேன்.

"ஃபோல்டருங்கிறது வீடு மாதிரி மாமா. நீங்கள்லாம் தெருவுல நின்னுக்கிட்டே எட்டிப் பாத்து, உள்ள யாரு இருக்கான்னு தெரிஞ்சுக்கிடுவிய. நான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போய்த்தான் பாக்கணும். அதனால வீடு கொஞ்சமா இருக்கணும், உள்ள இருக்கிறவிய பேரு ஒழுங்கா இருக்கணும். வச்சது வச்ச இடத்துல இருக்கணும்."

சொன்னபடியே வைத்தாள். துக்கம், கல்யாணம், கடை, கோயில் என்று பெரிய ஃபோல்டர்கள். துக்கத்துக்கு முன்னால் ஒன்று என்று எண் போட்டு அதை எப்போதும் உச்சியில் நிறுத்தியிருந்தாள். கடை திறக்கிறவன் காத்திருப்பான், செத்தவர் காத்திருக்க மாட்டார் என்பது அவள் கணக்கு. உள்ளே ஒவ்வொரு ஃபைலுக்கும் முதலில் தெரு, பிறகு ஆள் பேர். ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்குகிற ஃபைலுக்கு நேராகப் போய் நிற்கும். விக்னேஸ்வரன் தேடு தேடு என்று தேடுகிறதை அவள் நான் டீ குடிப்பதற்குள் எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். கொஞ்சங் கொஞ்சமாகக் கம்ப்யூட்டர் அவள் கைக்கே வந்துவிட்டது.

'பேர்' என்று இன்னொரு ஃபோல்டரும் வைத்திருந்தாள். கோயில் கமிட்டித் தலைவர், சங்கத்துச் செயலாளர், அடிக்கடி விளம்பரம் கொடுக்கிற முதலாளிகள், இவர்கள் பேரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. "இன்ன தெரு, இன்னார் அவர்கள்" என்று ஒரு தடவை பேசி வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து நடுவில் சொருகிவிடுவாள். கேட்கிறவர்களுக்கு ஒட்டுப் போட்டது தெரியாது. சாவு அறிவிப்பும் அப்படித்தான். முன்னால் ஒரு துண்டு, நடுவில் பேர், பின்னால் ஒரு துண்டு.

இந்த வருசம் ஆடிப்பூரத்துக்கு முன்னால் விக்னேஸ்வரன் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு ரூம் பிடித்தார். தேரோட்டம் என்றால் அங்கே விளம்பரம் குவியும். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்தும் வியாபாரிகள் தேடி வருவார்கள். அந்த ரூமை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்ததும் ஹெப்சிபா, "நான் போறேண்ணே" என்றாள். தினமும் பஸ் ஏறிப் போய்வருவேன், பதிவு, எடிட்டிங், ஃபைல், பார்ட்டியிடம் பேசுவது எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்றாள். விக்னேஸ்வரன் தலையைத் தலையை ஆட்டினாரே தவிர, வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. சாவி அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

"அந்த ரூம்ல அப்படி என்னட்டி இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. காலைல போய் நானே பூட்டத் தொறக்கணும். சாயங்காலம் நானே பூட்டணும். வீட்லயும் சரி, விடுதியிலயும் சரி, இங்கயும் சரி, யாராவது ஒருத்தவிய தொறந்து வச்ச கதவுலதான் நான் உள்ள போயிருக்கேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சாவு வந்தது.

தெற்குத் தெரு ஜவுளிக்கடை ராஜரத்தினம் என்று ஒருத்தர் காலையில் தவறிவிட்டார். வழக்கமாக இறந்தவருக்கு யார் யார் மகன், யார் யார் மருமகன் என்று வரிசையாகப் பேர் சொல்வோம். அந்த வீட்டில் யார் பேர் முதலில் வருவது என்று பிணத்தை வைத்துக்கொண்டே சண்டை. கடைசியில், யார் பேரும் வேண்டாம், அவர் பேரை மட்டும் சொன்னால் போதும், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள் என்று போன் வந்தது.

ஹெப்சிபா அந்தப் பேரைப் பேசிப் பதிந்தாள். அவசரத்தில் தெருவை விட்டுவிட்டு 'ராஜரத்தினம்' என்று மட்டும் பேர் கொடுத்து 'பேர்' ஃபோல்டரில் சேமிக்கப் போனாள். இந்தப் பேரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறதே, அதை அழித்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இருந்தது வடக்குத் தெரு ராஜரத்தினம். அம்மன் கோயில் கமிட்டித் தலைவர், மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் வேலைக்கு வந்த புதிதில் பதிந்த பேர். அப்போது அவளுக்குத் தெரிந்த ராஜரத்தினம் அவர் ஒருத்தர்தான் என்பதால் தெருவைப் போடாமல் பேரை மட்டும் வைத்திருந்தாள். அதை அழிக்கக் கூடாது என்று 'வேண்டாம்' கொடுத்தாள். அது சரிதான். புதியதற்குத் தெருப் பேரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைத்த நேரம் ஜவுளிக்கடை வீட்டிலிருந்து மறுபடியும் போன், "இன்னும் ஆகலையா?" என்று. பேசி முடித்து வைத்தவள், புதியதைச் சேமித்தாயிற்று என்ற நினைப்பிலேயே அதை மூடிவிட்டாள். ஃபோல்டருக்குள் போய் எழுத்தைத் தட்டினாள், கம்ப்யூட்டர் 'ராஜரத்தினம்' என்றது, எடுத்துச் சொருகினாள். இருந்த மனுசரின் பேரைக் காப்பாற்றப் போய், அந்த மனுசரையே கொன்றுவிட்டாள்.

முழுதாக ஒரு தடவை கேட்காமல் அவள் எதையும் வெளியே விடுகிறவள் இல்லை. அன்றைக்குத் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்டுவிட்டு பென் டிரைவை என் கையில் தந்தாள்.

நானும் கிளம்பினேன். நாளெல்லாம் தலைக்கு மேல் கத்துகிற ஸ்பீக்கரை எந்த ஆட்டோக்காரனும் காது கொடுத்துக் கேட்க மாட்டான். பஜார் பூராவும் சுற்றிவிட்டு வடக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். குடத்தோடு வந்த ஒரு அம்மா குடத்தைப் பொத்தென்று போட்டார். "அய்யய்யோ தேவுடா! இப்பத்தானே பால் வாங்கிட்டுப் போனாரு!" என்று பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். ஆட்கள் ஒரு வீட்டைப் பார்த்து ஓடினார்கள். யாரோ உள்ளே போகாமலேயே ஒப்பாரி எடுத்துவிட்டார்கள்.

அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை, கையில் சவரக் கத்தி. வாசலில் நின்று, "வடக்குத் தெரு, மில் மேஸ்திரி ராஜரத்தினம் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்" என்பதை இறுதி ஊர்வல விவரம் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஓய், யாருவே செத்தது?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் மகன் ஹரிகிருஷ்ணன் வந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். ஒருத்தர் ஆட்டோ சாவியை எடுத்தார், ஒருத்தர் சட்டையைப் பிடித்தார். என் வயசுக்கு அன்றைக்கு வாங்கிய பேச்சை வாழ்நாளில் வாங்கியதில்லை. ஒரு வழியாக விடுபட்டு ஹெப்சிபாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மாமா, ஒங்கள யாரும் அடிச்சிட்டாங்களா?"

"இல்லட்டி. சட்டப் பித்தான் போச்சு, அம்புட்டுதான்."

"அப்ப வண்டியத் திருப்புங்க. செத்தவருக்கு இன்னும் சொல்லவே இல்ல, அதச் சொல்லணும்."

நான் போய்ச் சேருகையில் புதிதாகப் பதிந்து, முழுதாகக் கேட்டு, தயாராக வைத்திருந்தாள். ஜவுளிக்கடை ராஜரத்தினத்துக்கு நடக்க வேண்டிய மரியாதை ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துவிட்டது. பென் டிரைவை என் கையில் வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உச்சு மட்டும் கொட்டவில்லை.

சாயங்காலம் விக்னேஸ்வரன் கடைக்கு வந்தார். அவர் கோபக்காரர் என்று ஊருக்கே தெரியும். ஸ்பீக்கரை மழையில் நனைய விட்டதற்காக என்னைக் கத்திய கத்து பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. அப்படிப்பட்டவர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"தங்கச்சி, ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத. கண்ணு தெரிஞ்சவனுக்கே தப்பு வருது, ஒன்னையக் குத்தம் சொல்ல முடியுமா? நான்தான் யோசிச்சிருக்கணும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன். நீ இங்கயே இரு, பேசு, அது போதும். ஃபைல் வேலையெல்லாம் இனி நான் பாக்கேன்."

ஹெப்சிபா கையை நீட்டி ஸ்கிரீனைப் போட்டாள்.

"அண்ணே, அந்த ஃபைல் பேரு என்னன்னு வாசிங்க."

"ராஜரத்தினம்."

"எந்த ராஜரத்தினம்னு ஒங்க கண்ணுக்குத் தெரியுதா?"

அவர் குனிந்து ஸ்கிரீனை இன்னொரு தடவை பார்த்தார்.

"தெரியாதுல்லாண்ணே. கேட்டாத்தான் தெரியும். எனக்குக் காது இருந்துச்சு, நான் கேக்கல. தெருவச் சேக்காம பேரு வச்சதும் நான்தான். இது கண்ணு பண்ணுன தப்பு இல்ல, நான் பண்ணுன தப்பு."

"சரி, அதான் பரவாயில்லன்னு சொல்லுதேன்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதிய. பிச்சை மாமா பண்ணியிருந்தா பரவாயில்லன்னு சொல்லுவியளா?"

விக்னேஸ்வரன் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"அப்ப என்னதான் செய்யணுங்கிற?" என்றார்.

"மேஸ்திரி ஐயா வீட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் காலையில் மூன்று பேரும் என் ஆட்டோவில் போனோம். என்னைப் பார்த்ததுமே ஹரிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். "ஏலே, மறுபடியும் எந்த மூஞ்சிய வச்சிட்டு வந்தீங்க?" என்று தொடங்கியவன், பின்னால் மடக்குக் கோலோடு இறங்கிய ஹெப்சிபாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டான். அவன் வீட்டுக்காரி மாரிசெல்வி ஓடி வந்து ஹெப்சிபாவின் கையைப் பிடித்தாள். "ஐயோ, கண்ணு தெரியாத புள்ளையா! இது தெரியாம நேத்து என்னென்னமோ சாபம் விட்டுட்டனே!" என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாற்காலி வந்தது, காப்பி வந்தது. தெலுங்குக்கார அம்மாவும் வந்து உச்சுக் கொட்டினார்.

விக்னேஸ்வரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க, பாவம், பார்வை இல்லாத புள்ள. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டார். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஹெப்சிபா காப்பியைத் தொடவில்லை. "மேஸ்திரி ஐயா எங்க இருக்காவ?" என்றாள்.

"இங்கதான் இருக்கேன். சாகல" என்றார் பெரியவர்.

குரல் வந்த பக்கம் அவள் திரும்பி எழுந்து நின்றாள். "ஐயா, எனக்குக் கண்ணு தெரியாது. ஆனா அதுனால இது நடக்கல. ஒங்க பேரப் பதிஞ்ச ஃபைலும் செத்தவரு பேரும் ஒரே பேரு. புதுச எடுத்ததா நெனச்சு பழச எடுத்துட்டேன். அனுப்புறதுக்கு முன்னால முழுசாக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், அவசரத்துல கேக்கல. கண்ணுக்காக மன்னிக்காதிய. தப்புக்காக வையணும்னா வைங்க."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மில்லுல ஒருத்தன் பொறுப்புல இருக்கிற மிஷின் சைடுல நூலு அத்துப்போச்சுன்னா, மிஷின் சரியில்ல, பஞ்சு சரியில்ல, லைட்டு சரியில்லன்னுதான் எல்லாவனும் சொல்லுவான்" என்றார். "நான் பாக்கலன்னு சொன்னவன நான் என் சர்வீஸ்ல கண்டதில்ல. அவன் வந்தா அவன்கிட்ட தைரியமா இன்னொரு சைடயும் குடுக்கலாம்னு காத்துக்கிட்டே ரிட்டயர்டு ஆயிட்டேன்."

ஹரிகிருஷ்ணன், "விடுங்கப்பா, செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க" என்றான்.

"ஆயுசு கூடட்டும்லே. ஊருக்குத் தெரியணும்ல? நேத்து சாயங்காலம் டீக்கடையில என்னையப் பாத்து ஒருத்தன் கிளாச நழுவ விட்டுட்டான்." பெரியவர் ஹெப்சிபா பக்கம் திரும்பினார். "தாயி, நான் எந்தெந்தத் தெருவுலெல்லாம் செத்தேனோ, அந்தந்தத் தெருவுலெல்லாம் உயிரோட வரணும். நீதான் சொல்லணும்."

கடைக்குத் திரும்பியதும் விக்னேஸ்வரன் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். "நேற்று தவறுதலாக அறிவிக்கப்பட்டது, வருந்துகிறோம். அம்புட்டுதான் தங்கச்சி. யாரு, என்னன்னு விளக்கமெல்லாம் வேண்டாம். கடைப் பேரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வங்கி வரைக்கும் போனார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தாள். முழுதாக ஒரு தடவை கேட்டாள், பிறகு இன்னொரு தடவை கேட்டாள். பென் டிரைவைத் தந்து, "வடக்குத் தெருவுல ஆரம்பிங்க மாமா" என்றாள்.

வடக்குத் தெரு முனையில் பொத்தானை அமுக்கினேன். அன்றைக்கு மட்டும் நான் காது கொடுத்துக் கேட்டேன்.

"அன்புள்ள பொதுமக்களே. வடக்குத் தெரு, மில் மேஸ்திரி ராஜரத்தினம் அவர்கள் நல்ல உடல்நலத்தோடு உயிரோடு இருக்கிறார். அவர் காலமானதாக நேற்று அறிவித்தது தவறு. அந்த அறிவிப்பை முழுமையாகக் கேட்டுச் சரிபார்க்காமல் அனுப்பியது, இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஹெப்சிபா ஆகிய நான். ராஜரத்தினம் அவர்களிடமும் குடும்பத்தாரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

இத்தனை வருசமாக அந்தக் குரல் ஊரில் உள்ள எல்லோர் பேரையும் சொல்லியிருக்கிறது. தன் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவில் சிரித்தவர்கள் சிரித்தார்கள், ஒரு சிலர் சிரிக்காமல் கேட்டார்கள். பெரியவர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "இன்னொருக்கப் போடும் ஓய்" என்றார், போட்டேன்.

பஜாரைத் தாண்டும்போது விக்னேஸ்வரன் வங்கி வாசலில் நின்றிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். சுற்றை முடித்துவிட்டுக் கடைக்கு வந்தால், உள்ளே அவர் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

"ஒனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சு வச்சிருக்க? யாரக் கேட்டு பேரப் போட்ட? நாலு கடைக்காரன் கேட்டுட்டான், இனி எவன் நம்பி விளம்பரம் குடுப்பான்? பெரிய இவளா நீ? சொன்னா சொன்னபடி செய்யத் தெரியாதா?"

நான் பதறி உள்ளே ஓடினேன். ஹெப்சிபா கம்ப்யூட்டரின் வாயை அடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது. ஆனால் அழுகிற முகம் இல்லை.

"சொல்லாமச் செஞ்சது தப்புதாண்ணே. பேரச் சொன்னது தப்பில்ல" என்றாள்.

"இதுக்கு வாய் வேற! அந்தக் கெழவரு போனு பண்ணுதாரு, கோயில் பொங்கல் சாட்டு அறிவிப்புக்கு அந்தப் புள்ளதான் பேசணும், அதுதான் எல்லாம் பாக்கணும், வேற ஆளு கைவச்சா ஒங்க கடைப் பக்கமே வரமாட்டேன்னு. ஒருத்தன் விளம்பரத்த வேண்டாங்கான், ஒருத்தர் ஒன்னையத்தான் வேணுங்காரு, நான் யாருக்குன்னு பதில் சொல்ல?"

"அண்ணே."

"என்ன?"

"நான் வேலைக்கு வந்த இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் என்னையத் திட்டுதிய."

விக்னேஸ்வரனுக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"திட்டுங்கண்ணே, எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க" என்றாள் அவள். "ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர் சாவியக் குடுத்துட்டுத் திட்டுங்க."

அவர் கோபம் இன்னும் ஆறவில்லை. காப்பி டம்ளரானாலும் பேனாவானாலும் அவள் விரலைப் பிடித்து அதில் வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். அன்றைக்கு அந்த நினைப்பே இல்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை உருவி, "போய்த் தொல, தேரோட்டத்துல எதாவது சொதப்புன, அங்க வந்தும் திட்டுவேன்" என்று மேசைமேல் விட்டெறிந்தார். ஹெப்சிபா சத்தம் விழுந்த இடத்தில் கையை வைத்து அதை எடுத்துக்கொண்டாள்.